அட்டை எந்த வீட்டுக்குப் போகும்?

குன்னத்தூரில் லைன் வீடொன்றில் தனியாக இருக்கிறாள் என் பழைய மாணவி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். பழைய ஸ்கூட்டி ஒன்று விலை பேசி வைத்திருக்கிறாள். ஓட்டுநர் உரிமம் இல்லை. ஆதாரில் இருப்பதோ, அடி தாங்காமல் விட்டு வந்த கணவன் வீட்டு முகவரி.

1988 மோட்டார் வாகனச் சட்டம், வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியில் விண்ணப்பிக்கச் சொன்னது. மாநிலத்தில் எங்கும் விண்ணப்பிக்கலாம் என்று 2019 திருத்தம் தளர்த்தியது. நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி முதல் உரிம அட்டை விரைவு அஞ்சலில், விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கே போகிறது. அவளுடைய அட்டை அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும்.

வாடகை ஒப்பந்தம் கேட்டிருக்கிறாள். “தனியா இருக்கறவளுக்கு அதெல்லாம் எதுக்கு கண்ணு?” என்றாராம் வீட்டுக்காரர். வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தவறக்கூடாது.

வசிப்பது என்றால் என்ன? தண்ணீர் பிடித்து, உலை வைத்து, உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்குவதுதானே? அதை அவள்தான் செய்கிறாள். அத்தாட்சி மட்டும் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில். அப்பா, மாமனார், வீட்டுக்காரர் என்று யாராவது சம்மதித்தால்தான் நமக்கு முகவரி. ஆண்களும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் தபாலைப் பிரிக்க யாரும் காத்திருப்பதில்லை.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 4ஆம் விதியில் ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. ஆவணம் தர முடியாததற்குத் தக்க காரணம் இருந்தால், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை அதிகாரி ஏற்கலாம். ‘ஏற்கலாம்’தான், ‘ஏற்க வேண்டும்’ இல்லை. ‘நான் இங்கே வாழ்கிறேன்’ என்ற அவள் சொல்லைச் சான்றாக எடுத்துக்கொள்வது அதிகாரியின் மனசு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நோட்டரியிடம் போகிறோம்.