இரண்டு கையாலும்

டோர்ட்டா என்கிற மெக்சிகோ சாண்ட்விச்சை ஒரு கையால் தின்ன முடியாது. ஒரு கையில் பிடித்தால் மறுமுனையில் அவகாடோ வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. இந்தக் கடைக்கு நான் வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சிகாகோ, பில்சன், பதினெட்டாம் தெரு. பொஹிமியாவிலிருந்து வந்த செக் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிய பேட்டை. 1960-களில் பல்கலைக்கழக வளாகம் எழுப்ப வடக்கே வீடுகளை இடித்தார்கள். அங்கிருந்த மெக்சிகோக் குடும்பங்கள் பலவும் இங்கே வந்து சேர்ந்தன. பெயர் பழையபடியே நிற்கிறது. தெருவின் மணம் மாறிவிட்டது.

*

அடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைதான். அடுப்படியில் நிற்கும் அம்மா ரொட்டியைக் கிடையாகப் பிளக்கிறார். டெலேரா என்கிற வகை: தட்டையானது, மேலே இரண்டு பள்ளக் கோடுகள். உள்ளே இருக்கும் பஞ்சில் கொஞ்சத்தை விரலால் பிய்த்து எடுத்துவிடுகிறார். மற்றதெல்லாம் உட்கார இடம் வேண்டுமே. வெட்டிய முகத்தைச் சூட்டுக்கல்லில் கவிழ்த்து வாட்டுகிறார். ஓரம் சிவந்ததும் ஒரு பாதியில் மசித்து வதக்கிய பீன்ஸ், மறு பாதியில் அவகாடோ. ருசிக்கு மட்டும் அல்ல. தக்காளிச் சாறு ரொட்டிக்குள் சட்டென்று இறங்காமல் இவை இரண்டும் காவல் இருக்கின்றன. நடுவில் மிலனேசா: மெலிதாகத் தட்டிய மாட்டிறைச்சி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. மேலே நூல் நூலாகப் பிரியும் வஹாகா சீஸ், வெங்காயம், வினிகரில் ஊறிய ஹலபேனோ மிளகாய், கூடவே ஊறிய கேரட் வில்லைகள்.

இந்தக் கேரட்டை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை. மிளகாயிடம் காரத்தை வாங்கிக்கொண்டும் தன் இனிப்பை விடாமல் வைத்திருக்கிறது.

*

முதல் கடியில் இரண்டு மொறுமொறுப்பு. ரொட்டியின் தோல் முதலில், இறைச்சியின் மேல்தோல் பிறகு. அதற்குப் பின்னால் புளிப்பு. பீன்ஸ் கடைசியில்தான் தெரிகிறது. அவசரமாக மென்றால் தெரிவதே இல்லை.

மெதுவாக மெல்லும்போது யோசனையும் மெதுவாக வருகிறது. மிளகாய், தக்காளி, அவகாடோ, பீன்ஸ் எல்லாம் மெக்சிகோ மண்ணில் வெகு காலமாக இருந்தவை. கோதுமை, மாடு, சீஸ், வெங்காயம் ஸ்பானியரின் கப்பலில் வந்தவை. ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் 1521-இல் அவர்களிடம் வீழ்ந்தது. வந்தவர்கள் கோதுமையை விடாப்பிடியாக விதைத்ததற்குப் பழகிய நாக்கு ஒரு காரணம், தேவாலயம் இன்னொரு காரணம். பூசைக்குரிய அப்பம் கோதுமையில்தான் ஆக வேண்டும். ஊரே தின்னும் மக்காச்சோளம் அதற்கு ஆகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காச்சோளத்தில் வாழ்ந்த ஊரில் கோதுமை அப்படித்தான் வேர் பிடித்தது. அதே நூற்றாண்டில் மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக நம் பக்கம் கரையிறங்கியது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகு. இந்த ஹலபேனோவைக் கடித்ததும் வீட்டு ஞாபகம் வருவதற்கு அந்தக் கப்பல்காரர்களும் பொறுப்பு.

பிரெஞ்சுப் படை 1862-இல் மெக்சிகோவுக்குள் வந்து 1867-இல் வெளியேறியது. இந்த ரொட்டியே அவர்கள் விட்டுப்போனதுதான் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அதற்கு முன்பே முந்நூறு ஆண்டுகளாக அங்கே கோதுமை அரைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். படைகளுக்கு நாம் தேவைக்கு மேல் புகழ் கொடுக்கிறோம். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

*

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் டோர்ட்டாவைச் சாற்றில் முக்கியே தருவார்கள். அதற்கென்று ஒரு ரொட்டி, பிரோட்டே: புளிப்பும் உப்பும் உள்ளது, தோல் கெட்டியானது. அந்தக் கெட்டித் தோல் இருப்பதால்தான் சாற்றில் கிடந்தும் கரைவதில்லை. புவெப்லாவில் எள் தூவிய செமீட்டா. அதில் பாப்பாலோ என்ற பச்சிலையை வைப்பார்கள், நாக்கைக் கொஞ்சம் அதட்டும் வாசனை.

பயந்தவர் கையில் ஒரு துண்டு ரொட்டி கொடுக்கும் வழக்கமும் அந்த நாட்டில் உண்டு. நிலநடுக்கம் முடிந்ததும் பெரியவர்கள் அதைத்தான் நீட்டுவார்கள், நம் வீடுகளில் திருநீறு பூசிவிடுவதுபோல. பயம் தெளிகிறதோ இல்லையோ, மெல்லும் வாயால் அழ முடியாது.

*

பாதியிலேயே வயிறு போதும் என்கிறது. பக்கத்து மேசைக்காரர் தன் மீதியைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டார். நான் அப்படிச் செய்வதில்லை. சாயங்காலத்துக்குள் தக்காளி எல்லாக் காவலையும் தாண்டி ரொட்டியை ஊறவைத்துவிடும். மிலனேசாவின் மொறுமொறுப்பும் போய்விடும். புளிச்சக்கீரைக்கு உறவான செடியின் சிவந்த புல்லிதழ்களை ஊறவைத்து எடுத்த ஹமைக்கா தண்ணீர் இன்னும் கால் டம்ளர் இருக்கிறது. அதைக் குடித்து இடம் பண்ணிக்கொண்டு மறு பாதியை எடுக்கிறேன்.