முந்தின நாளே கலந்து வை

விருந்துக்குப் போன வீட்டில் எல்லாரிடமும் பேசியிருப்போம், அழைத்தவரிடம் மட்டும் பேசியிருக்க மாட்டோம். வாசலில் ஒரு "வாங்க வாங்க", கிளம்பும்போது ஒரு "அதுக்குள்ள என்ன அவசரம்?". நடுவில் இருந்த நேரமெல்லாம் அவர் அடுப்புக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்திருப்பார். ஓடி ஓடிக் கவனிப்பதே உபசாரம் என்று பழகிவிட்டோம். அந்த ஓட்டத்தில் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒருவரை நம் வீட்டுக்கு எதற்காக அழைக்கிறோம்? அவர் தட்டை நிரப்பவா, அவரோடு இருக்கவா? இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். நடைமுறையில் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. இதைப் பற்றி என்னைத் தீர்க்கமாக யோசிக்க வைத்தது, இலையுதிர் காலத்தில் நான் கலக்கும் பழ ஒயின் பஞ்ச்.

நான் வசிப்பது நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில். அமெரிக்காவில் ஆப்பிள் அதிகம் விளையும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. செப்டம்பர் பிறந்ததும் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். சாலையோரக் கடைகளில் வடிகட்டாத ஆப்பிள் சாறு பழுப்பு நிறத்தில் கேன் கேனாக வந்து இறங்கும். இங்கே அதைத்தான் சைடர் என்கிறார்கள். அதில் போதை கிடையாது, புளிக்க வைத்ததற்கு ஹார்டு சைடர் என்று தனிப்பெயர். அக்டோபரில் தொடங்கி, நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் வரை யாராவது யாரையாவது வீட்டுக்கு அழைத்துக்கொண்டே இருப்பார்கள். தீபாவளியும் இதற்குள் வந்துவிடும். பனி கொட்டி எல்லாரும் வீட்டுக்குள் முடங்குவதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற துடிப்பு அந்த வாரங்களில் ஊர் முழுக்கத் தெரியும்.

இந்தக் கூட்டங்களில் மேசை நடுவே வைக்கும் பஞ்சுக்கு முன்னோடி ஸ்பெயின் நாட்டின் சாங்ரியா. 1964ல் நியூயார்க்கில் தொடங்கிய உலகக் கண்காட்சியில், ஸ்பெயின் அரங்கில் பரிமாறிய பிறகுதான் சாங்ரியா அமெரிக்காவில் பரவலாகப் பெயர் பெற்றது. கோடையில் ஆரஞ்சும் பீச்சும் மிதக்கும் பானம் அது. இலை சிவக்கும் காலத்தில் பீச் விலகி ஆப்பிளும் பேரிக்காயும் கிரான்பெரியும் உள்ளே வருகின்றன. கூடவே சைடரும் பட்டையும் கிராம்பும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின், அதாவது ஒன்றரை லிட்டர். விலை உயர்ந்தது வேண்டாம். ஓக் பீப்பாயில் நெடுநாள் கிடந்த ஒயினின் துவர்ப்பு பட்டையோடு சேரும்போது கசப்பாகத் திரும்பிவிடும். கர்னாச்சா போல, பழ வாசம் தூக்கலான இளம் ஒயினே இதற்குப் பொருத்தம். சைடர் முக்கால் லிட்டர். ஆப்பிளில் எனக்குக் கார்ட்லாண்ட்தான் வேண்டும். 1898ல் இதே மாநிலத்தின் ஜெனீவா ஊரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் அது. மற்ற ஆப்பிள்களை அரிந்து வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கும். இது நெடுநேரம் வெள்ளையாகவே இருக்கும். பேரிக்காயில் பாஸ்க். சதை கெட்டியாக இருப்பதால் இரவு முழுக்க ஊறினாலும் குழையாது. கிரான்பெரி ஒரு கைப்பிடி. அதன் உள்ளே காற்றறைகள் இருப்பதால் கடைசி வரை மேலேயே மிதக்கும். ஆரஞ்சும் உண்டு. அதன் வெள்ளைத் தோல் நீண்ட நேரம் ஊறினால் கசப்பை இறக்கும், அதனால் ஆரஞ்சை மட்டும் மறுநாள் காலையில் போடுவேன்.

சர்க்கரை குளிர்ந்த ஒயினில் எளிதில் கரையாது. அரை கப் சர்க்கரையும் அரை கப் தண்ணீரும் கொதிக்கும்போது இரண்டு பட்டை, நான்கு கிராம்பு, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, பாகை ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். இங்கே கடைகளில் பட்டை என்று பெரும்பாலும் கிடைப்பது காசியா. தடித்த பட்டை, காரம் அதிகம். இலங்கைக் கறுவா மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும், வாசமும் சன்னமாக இருக்கும். இலங்கைத் தோழி ஒருத்தி ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு கட்டு கொண்டுவந்து தருவாள். அதை வருடம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதே இந்தப் பஞ்சுக்காகத்தான்.

மற்ற எல்லாவற்றையும் கலந்து மூடி, முந்தின நாள் மாலையே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இதில் மாற்றமே கிடையாது. கலந்த அரை மணியில் பரிமாறினால் பழம் தனியாகவும் ஒயின் தனியாகவும் நிற்கும். இரவில் பழம் தன் சாற்றையும் வாசனையையும் கொடுத்து ஒயினை வாங்கிக்கொள்கிறது. காலையில் ஒரு ஆப்பிள் துண்டை எடுத்து இரண்டாக நறுக்கிப் பார்த்தால், ஓரத்தில் சிவப்பு ஏறி நடுவில் இன்னும் வெண்மை இருக்கும். மாலைக்குள் அந்த வெண்மை இன்னும் குறுகிவிடும். முந்தின நாள் மீன்குழம்புக்கு இருக்கும் ருசி நமக்குத் தெரியாததா? ஊறுவதற்கு நேரம் கொடுத்தால் பொருள்கள் தாங்களாகவே ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும்.

அந்தக் காத்திருப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது சமையலை மட்டும் அல்ல. மறுநாள் விருந்தாளிகள் வந்தபின் இந்தப் பானத்துக்காக நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. அரை லிட்டர் சோடாவை ஊற்ற வேண்டும், ஒரு பெரிய ஐஸ் கட்டியைப் போட வேண்டும், அவ்வளவுதான். சிறு கட்டிகள் சீக்கிரம் கரைந்து பானத்தை நீர்க்க வைக்கும், பெரிய கட்டி நிதானமாகக் கரையும். கரண்டி பாத்திரத்திலேயே கிடக்கும். வேண்டியவர் வேண்டும்போது வந்து, வேண்டிய அளவு ஊற்றிக்கொள்வார். "உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஓட வேண்டியதில்லை. என் உழைப்பு நேற்றே முடிந்துவிட்டது. இன்று நான் உட்காரலாம். பக்கத்தில் இருப்பவர் பாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகாமல் மீதியையும் கேட்கலாம்.

ஒரே பாத்திரத்தைச் சுற்றிக் கூடும் இந்த வழக்கத்தின் வேர் இந்தியாவோடும் சம்பந்தப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்களும் மாலுமிகளும் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா சேர்த்துக் குடித்த பானம் பஞ்ச் என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. 1632ல் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதத்திலேயே அதன் பெயர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அதற்கென்று சீனாவிலிருந்து பெரிய பீங்கான் பாத்திரங்களை வரவழைத்தார்கள். அந்தப் பாத்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. வில்லியம் ஹோகார்த் 1733ல் வெளியிட்ட ஒரு செதுக்கோவியத்தில், நள்ளிரவு தாண்டிய அறையில் பஞ்ச் பாத்திரத்தைச் சுற்றி ஆண்கள் தள்ளாடியும் சரிந்தும் கிடக்கிறார்கள். பொதுப் பாத்திரத்தில் யார் எவ்வளவு குடித்தார் என்று கணக்குத் தெரியாது. அந்தக் கணக்கை அழைத்தவர்தான் முன்கூட்டிப் போட்டு வைக்க வேண்டும்.

அதனால் நான் பிராந்தி சேர்ப்பதில்லை. பலர் சேர்ப்பார்கள். 12 சதவீத ஒயின் ஒன்றரை லிட்டரோடு சைடரும் சோடாவும் பாகும் சேரும்போது மொத்தத்தில் போதை ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் மதுவின் ஓர் அளவு என்பது 14 கிராம் ஆல்கஹால். 150 மில்லி பஞ்சில் இருப்பது கிட்டத்தட்ட அதில் பாதி. ஒயினில் ஊறிய பழத்திலும் ஆல்கஹால் இருக்கும் என்பதால் அந்தப் பாத்திரம் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதிய அட்டையோடு இருக்கும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும், எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்னது உண்மைதான். அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. குடிக்க விரும்புகிறவர் அதைத் தெரிந்துகொண்டு குடிக்கட்டும். ஆனால் "ஒரே ஒரு கிளாஸ்" என்று யாரையும் வற்புறுத்தும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே மேசையில் எப்போதும் இரண்டு பாத்திரங்கள். இரண்டாவதில் ஒயின் இல்லை. அதற்காக ஒரு ஜூஸ் பாக்கெட்டை உடைத்து ஊற்றி ஓரத்தில் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. குடிக்காதவருக்குக் குறைந்த அக்கறை போதும் என்று சொல்லாமல் சொல்வதாகும் அது. ஒயினுக்குக் கனம் கொடுப்பதில் அதன் துவர்ப்புக்கும் பங்கு உண்டு. அந்தத் துவர்ப்பு தேயிலையிலும் இருக்கிறது. நீலகிரித் தேயிலையைக் கொஞ்சம் கெட்டியாக வடித்து ஆறவைத்து, மாதுளைச் சாறு, சைடர், அதே கறுவாப் பாகு, எலுமிச்சை சேர்த்து, அதே பழங்களை அரிந்து போட்டு, இதையும் முந்தின இரவே ஊறவைப்பேன். நிறமும் ஏறக்குறைய அதே சிவப்பு. டம்ளர்களும் ஒன்றேதான். அட்டையைப் படித்தால் எது எதுவென்று தெளிவாகத் தெரியும், கையில் இருக்கும் டம்ளரைப் பார்த்தால் தெரியாது.

ஒரு தடவை, குடியை விட்டிருந்த நண்பர் ஒருவர் தாமதமாக வந்தார். அவர் விட்ட விஷயம் அங்கே பலருக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் அவர் கண் மேசையைத் துழாவியது. அட்டைகளைப் படித்தார். தோள் இறங்கியது. ஒரு டம்ளர் ஊற்றி, ஆப்பிள் துண்டு ஒன்றும் விழும்படி கரண்டியைச் சாய்த்து எடுத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். "என்ன சார், இன்னிக்கு வேண்டாமா?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்க இடமே இல்லை. அன்று அவர்தான் கடைசியாகக் கிளம்பினார்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, முகர்ந்தால் அனிச்சம் வாடும், முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடுவர் என்கிறார். நாம் இதைப் பெரும்பாலும் கடுகடுப்பைப் பற்றிய எச்சரிக்கையாகவே படிக்கிறோம். கடுகடுப்பு மட்டுமா வாடவைக்கிறது? எல்லார் முன்னாலும் காரணம் சொல்ல வைக்கும் கேள்வியும் வாடவைக்கும். ஏன் குடிக்கவில்லை, ஏன் கறி சாப்பிடுவதில்லை, ஏன் இனிப்பு வேண்டாம் என்பதெல்லாம் அன்பாகத்தான் கேட்கப்படுகின்றன. பதில் சொல்லக் கஷ்டப்படுகிறவருக்கு அந்த அன்பு பாரம். வருகிறவரைப் பற்றி அவர் வருமுன்பே நினைத்துப் பார்த்து ஏற்பாடு செய்துவிட்டால் அந்தக் கேள்விகள் பிறப்பதே இல்லை.

ஊரிலிருந்து வந்து என்னோடு சில மாதங்கள் தங்கியிருந்த அம்மாவுக்கு முதலில் இதில் உடன்பாடு இல்லை. "வந்தவங்களுக்கு நம்ம கையால எடுத்துக் குடுக்காம, நீங்களே ஊத்திக்கங்கன்னு விடறது என்னடி மரியாதை?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கையால் எடுத்துக் கொடுப்பதில் உள்ள நெருக்கத்தை நானும் அனுபவித்து வளர்ந்தவள்தான். அவள் வீட்டில் விருந்தென்றால், பந்தி முடிந்து எல்லாரும் திண்ணைக்குப் போய்ப் பேசி முடித்த பிறகுதான் பெண்கள் ஆறிய சோற்றைச் சாப்பிட்டார்கள் என்பதையும் பார்த்து வளர்ந்தவள். அன்று மாலை அம்மா இரண்டாவது பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியிடம் சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாக ஊறுகாய் போடும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களோடு அவள் விருந்து முடியும்வரை உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் முந்தின நாளே செய்துவிட முடியாது. தோசை சூடாகத்தான் இருக்க வேண்டும், ரசம் அன்றைக்கு வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பத்துப் பதார்த்தமும் சுடச்சுட வந்தாக வேண்டும் என்று நாம் போட்டுக்கொள்ளும் நிபந்தனையின் விலையை, அடுப்படியில் நிற்கும் ஒருவர் முழுக்கக் கொடுக்கிறார். அவரோடு பேச வந்தவர்களும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். நேரமெடுத்து ஊறினால் ருசி கூடும் பதார்த்தங்கள் ஒவ்வொரு சமையலிலும் இருக்கின்றன. புளிக்காய்ச்சல், மீன்குழம்பு, தயிர்வடை என்று நம்மிடமும் குறைவில்லை. விருந்தை அவற்றிலிருந்து தொடங்கித் திட்டமிடலாம்.

விருந்தாளிகள் கிளம்பியபின் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று என்னை நான் கேட்டுக்கொள்வது குறைந்துவிட்டது. வந்தவர்களில் யாரைப் பற்றி நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தெரிந்தது என்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய மகள் எந்த ஊருக்கு மாற்றலாகிறாள், யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் பழைய வீணையை மறுபடி எடுத்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தால், அந்த விருந்து நன்றாக நடந்தது. அடுத்த முறை நான்கு பேரை அழைக்கும்போது ஒரு பதார்த்தத்தைக் குறையுங்கள், இன்னொன்றை முந்தின நாளே முடித்துவையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் வந்தவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பயணப்பட்டு வந்தது உங்களைப் பார்க்கத்தான்.