வராத தண்ணீர்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாயை அம்மா இன்னும் மறக்கவில்லை. "இதுக்காகவாம்மா ஓட்டு போடுவ?" என்று கேட்டேன். ஒரு ஆய்வைப் படித்திருந்த திமிர்.

ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா இருவரும் 2009இல் எழுதியது. பேரிடருக்குப் பின் நிவாரணம் வந்தால் அமெரிக்க வாக்காளர்கள் அதிபரின் கட்சிக்கு ஓட்டு போடுகிறார்கள். முன்னேற்பாட்டுச் செலவைக் கண்டுகொள்வதே இல்லை. இத்தனைக்கும் முன்னேற்பாட்டுக்குப் போடும் ஒரு டாலர், பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. அப்படியென்றால் முன்கூட்டியே தூர்வாருகிறவர் ஏமாளி, வெள்ளம் வந்தபின் பணம் கொடுக்கிறவர் புத்திசாலி. அவரை அப்படி ஆக்கியது நாம்தானே?

அம்மா சொன்னாள்: "ரெண்டு நாள் கட்டில் மேல உக்காந்திருந்தது நான்டா. வந்த தண்ணி எனக்குத் தெரியும். வராத தண்ணிய யாரு காட்டுவாங்க?"

இதை அறியாமை என்று தள்ள முடியவில்லை. நடந்ததற்குத்தானே நன்றி சொல்ல வருகிறது. ஆனால் ஆட்சியில் இருப்பவருக்கு இந்தச் சாக்கு கிடையாது. வராத தண்ணீர் அவருக்குக் கோப்பிலும் வரைபடத்திலும் தெரியும். தெரிந்தே ஓட்டுக் கணக்குப் போடுகிறார்.

நான்? எங்கள் தெரு வடிகாலைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று தெரியாது. போய்க் கேட்டதும் இல்லை.