கல்லின் அளவும் கருத்தின் அளவும்

அளவு பிசகாமல் செய்யப்படும் வேலையெல்லாம் நல்ல வேலையாகிவிடுமா? எகிப்தின் கீஸாவில் நிற்கும் பெரிய பிரமிடை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி நம் முன் எழுகின்றது.

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் குஃபூ என்னும் மன்னனுக்காக எழுப்பப்பட்ட கல்லறை அது. 1925-ஆம் ஆண்டில் அளந்தபோது அதன் வடபக்க அடி 230.25 மீட்டராகவும், தென்பக்க அடி 230.45 மீட்டராகவும் இருக்கக் கண்டனர். நான்கு பக்கங்களுக்குள்ளும் காணப்பட்ட மிகப் பெரிய வேறுபாடே ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது! 28 விரற்கிடை கொண்ட முழக்கோலும், கயிறும், தூக்குநூலும், செம்பு உளியும் கொண்டு சாதித்த நேர்த்தி இது. கி.பி. 1200-ஐ ஒட்டி எகிப்தில் வாழ்ந்த பக்தாத் நகர மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஊசியோ உரோமமோ நுழைய வழியில்லை என வியந்து எழுதினார்.

ஆயினும், இத்தனை நேர்த்தியும் ஒரு தனி மனிதனின் சடலத்தைக் காப்பதற்குத்தானே? வீண் பெருமைக்குத் துணைபோன நேர்மையை எவ்வாறு பாராட்டுவது?

இங்கே இரண்டு கணக்குகள் உள்ளன என்பது நம் கருத்து. ஒன்று மன்னனின் கணக்கு. மற்றொன்று உழைத்தவனின் கணக்கு. 2013-இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் பழம்பெரும் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரர் என்னும் மேற்பார்வையாளர், ஏறத்தாழ 40 பேருடன் தூராவிலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகேற்றி வந்ததை நாள்தோறும் அவற்றில் குறித்துள்ளார். கல்லறையை விரும்பியவன் மன்னன். கல்லை அமானிதமாக ஏற்றவர் மெரர். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதில் அவர் தவறவில்லை.

ஆனால் இதனையே கேடயமாக்கிக்கொண்டு, “என் வேலையைச் செம்மையாகச் செய்தேன், அது எதற்குப் பயன்பட்டால் எனக்கென்ன?” என்று எவரும் ஒதுங்கிவிட முடியாது. குஃபூவின் தந்தை ஸ்னெஃப்ரு தஹ்ஷூரில் கட்டிய பிரமிடு, ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் எழுந்து, நடுவழியில் 43 பாகைக்கு வளைந்து நிற்கின்றது. கட்டுகையில் கண்ட இடரைக் கண்டு சரிவைக் குறைத்த தடம் அது. கல்லில் நேரும் பிழை இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்; திருத்தவும் வழியுண்டு. நிய்யத்தில் நேரும் பிழையோ எந்தத் தூக்குநூலுக்கும் அகப்படுவதில்லை. அதனை அளக்கும் பொறுப்பு அவரவர் உள்ளத்தையே சார்ந்தது.

குஃபூவின் உடல் இன்று அக்கல்லறையில் இல்லை. எதற்காகக் கட்டினார்களோ அது பொய்த்துவிட்டது. பெயரறியா உழைப்பாளிகள் பிடித்த நூல் மட்டும் இன்னும் நேராகவே நிற்கின்றது. இரு கணக்குகளும் வெவ்வேறாகவே தீர்ந்திருக்கின்றன.