வடிவைத் தந்தவர் யார்?



உலகம் அநாதி, அதனைப் படைத்தவர் எவரும் இலர் என்பது நம் திருவறம். 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேன ஆசாரியர் ஆதிபுராணத்தில் படைப்புக் கொள்கையை விரிவாக மறுத்துரைத்தார். எனினும், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், "நுட்பமான அமைப்பு, அமைப்பவர் ஒருவர் இன்றித் தோன்றுமோ?" என வினவுகின்றனர். அவ்வினாவை ஒதுக்குதல் தகாது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2006 மார்ச் 22 அன்று எஸ்டி-5 என்னும் திட்டத்தில் மூன்று சிறு செயற்கைக்கோள்களை விண்ணில் செலுத்தியது. அவற்றில் பொருத்திய ஆன்டெனா, கண்டபடி வளைத்த கம்பி போல் இருக்கும். அவ்வடிவை எந்தப் பொறியாளரும் வரையவில்லை. கணிப்பொறி பல வடிவங்களைத் தற்செயலாக ஆக்கிற்று. ஒவ்வொன்றும் வானொலி அலைகளை எவ்வளவு நன்கு பரப்பும் எனக் கணக்கிட்டது. சிறந்தவற்றைச் சிறு மாறுதல்களுடன் அடுத்த தலைமுறையாக்கியது. இவ்வாறு பல தலைமுறைகள் கடந்து தேர்ந்ததே அவ்வடிவம். இதனைப் பரிணாம வழிமுறை என்பர். இடையில் செயற்கைக்கோளின் பாதை மாறியது. அதனால் தேவையும் மாறியது. அதே வழிமுறை வேறொரு வடிவைத் தந்தது.

"அளவுகோலை வகுத்தவர் மனிதரன்றோ?" எனச் சிலர் மறுப்பர். மெய்யே. இங்கு அநேகாந்தம் நமக்குத் துணையாகின்றது. வடிவத்தை நோக்கின் அமைத்தவர் இலர். அளவுகோலை நோக்கின் அமைத்தவர் உளர். ஒரு பக்கத்தையே பற்றி வாதிடுவோர் முழுமை காணார். இயற்கையிலோ, பிழைத்து இனம் பெருக்குதலே அளவுகோல். அதனை எவரும் வகுத்துத் தர வேண்டுவதில்லை. ஆகவே, நுட்பம் கண்ட இடமெல்லாம் படைத்தவரைத் தேடுதல் வேண்டா.

எனினும் அக்கம்பிக்கு உணர்வில்லை. அறிதலும் காண்டலும் உயிரின் இயல்பு. உயிர் எவராலும் ஆக்கப்பட்டதன்று என்பது நம் கொள்கை. ஆன்டெனாவைக் காட்டி அதனை நாட்டவும் இயலாது, மறுக்கவும் இயலாது. இவ்வரம்பைப் பிள்ளைகளுக்கு நேர்மையுடன் எடுத்துரைப்போம்.

படைத்தவர் இலர் எனின், நம் வினைக்குப் பொறுப்பு யாருடையது? நம்முடையதே. நாள்தோறும் நம் மனத்தில் எண்ணற்ற எண்ணங்கள் எழுகின்றன. எதனை வளர்ப்பது, எதனைக் களைவது என்னும் அளவுகோல் நம் கையில் உளது. வெகுளியை அளவுகோலாக்கின் வெகுளியே பெருகும். கொல்லாமையை அளவுகோலாக்கின் அருள் பெருகும். கணிப்பொறி தனக்கு இட்ட அளவுகோலை மாற்ற அறியாது. நாம் மாற்றிக்கொள்ள வல்லோம். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளையே அளவுகோலாகக் கொண்டு, நம்மை நாமே செம்மை செய்வோமாக!

அறம் வளர்க!