மலையேறாத அர்ச்சனை

பக்தர் எங்கோ இருக்க, அவர் பெயரில் சந்நிதியில் நடக்கும் அர்ச்சனை அவருடைய வழிபாடு ஆகுமா? திருத்தணி சுப்பிரமணிய சுவாமி கோயில் உள்ளிட்ட பெரிய கோயில்களின் சேவைகளுக்கும் காணிக்கைக்கும் இந்து சமய அறநிலையத் துறை இணையதளத்தில் வழி செய்திருப்பதால் எழும் கேள்வி இது. இணையத்தில் கிடைக்கும் மற்ற அரசு சேவைகளில், உதாரணமாக வருமானச் சான்றிதழில், இந்தச் சிக்கல் இல்லை. தாலுகா அலுவலகத்தில் வாங்கினாலும் இ-சேவை மையத்தில் வாங்கினாலும் சான்றிதழ் ஒன்றுதான். கோயிலுக்கோ நேரில் போவதே வழிபாட்டில் பாதி.

பிறர் கையால் வழிபடுவது புதிய பழக்கமல்ல. 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கிடைக்கச் செய்து, ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வழிவகுத்தவர்களைச் சோழர் கல்வெட்டுகளில் ஏராளமாகக் காணலாம். கொடுத்தவர் ஊரில் இல்லாதபோதும், காலமான பிறகும், விளக்கு அவருடைய தர்மமாகவே எரிந்தது. இன்றைய கட்டளைகள் அதன் தொடர்ச்சியே. கோயில் பூஜையை ஆகமங்கள் பரார்த்தம் என்கின்றன. அது உலக நன்மைக்காக நடப்பது. கும்பிட ஆளில்லை என்று கால பூஜை நிற்பதில்லை. அந்தப் பொது வழிபாடு ஒரு தனி மனிதரை நோக்கித் திரும்பும் இடம் சங்கல்பம். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டுச் சொல்லும் சில விநாடிகள்தாம் அது. இணையத்தில் பதிந்தவரின் பெயரும் அங்கே வாய்விட்டுச் சொல்லப்படுமானால் அந்த அர்ச்சனையில் குறையில்லை. சொல்லப்படாவிட்டால், நேரில் வந்து நின்றவருக்கும் அது குறைதான்.

மனம் இருந்தால் போதும், இடம் எதற்கு என்பவர்கள் பூசலார் நாயனாரைச் சான்றுக்கு அழைப்பதுண்டு. சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் ரயில் கடந்து வரும் திருநின்றவூர்தான் அவருடைய ஊர். கையில் பொருள் இல்லாததால் அவர் மனத்திலேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்குக் குறித்த அதே நாளில் இறைவன் அந்த மனக்கோயிலுக்கு எழுந்தருளினார் என்கிறது பெரியபுராணம். ஆனால் பூசலார் உழைப்பிலிருந்து விலக்குக் கேட்டவரல்லர். அடித்தளம், விமானம், மதில், கிணறு, குளம் என எதையும் விடாமல் நாள்கணக்கில் நினைந்து நினைந்து முடித்தவர். அவருடைய கதை அகப்பூஜைக்குச் சான்று. அவசரத்துக்கு அது சான்றாகாது.

சைவ சித்தாந்தம் வகுக்கும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. அர்ச்சனையும் அபிஷேகமும் கிரியையைச் சேர்ந்தவை. ஒருவருக்காக மற்றொருவர் செய்யலாம். சரியை உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலைக் கூட்டுவது, பூப்பறிப்பது, வலம் வருவது இவற்றுக்கு ஆள் வைக்க முடியாது. ஆடிக்கிருத்திகையன்று மலர்க் காவடியைத் தோளில் தாங்கி, ஆண்டின் நாள்களுக்குக் கணக்காகச் சொல்லப்படும் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுபவரின் வேண்டுதல் அந்த வகை. 2020-இல் பெருந்தொற்றால் கோயில்கள் மூடப்பட்டு, பக்தர்கள் இல்லாமலேயே ஆடிக்கிருத்திகை வந்து போனது. பூஜை நின்றுவிடவில்லை. காவடிக்கு மட்டும் மாற்று வழி கிடைக்கவில்லை. அதே ஆண்டு திருமலையில் இணையவழிக் கல்யாண உற்சவம் தொடங்கியபோது, பதிவு செய்தவர்கள் மரபான உடை அணிந்து, தொலைக்காட்சி முன் அமர்ந்து, தங்கள் பெயரையும் கோத்திரத்தையும் தாங்களே சொல்ல வேண்டியிருந்தது. உடம்பின் பங்கைச் சிறிதாவது காப்பாற்றிக்கொள்ளும் நல்ல ஏற்பாடு அது.

அரசின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. மதத்தோடு சேர்ந்த பொருளாதார, நிதி நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு அரசுக்கு இடம் தருகிறது. சீட்டும் ரசீதும் கணக்கும் அதில் அடங்கும். சங்கல்பம் அடங்காது. ஆகவே இணையச் சேவையைப் பரப்பும் விளம்பரம், வரிசை குறையும், ரசீது கைக்கு வரும், காணிக்கை கணக்கில் ஏறும் என்று சொல்லலாம்; வீட்டிலிருந்தே முழுப் பலன் என்று சொல்லக் கூடாது.

விளம்பரம் சொல்ல வேண்டியவை வேறு. பொது தரிசனத்துக்குக் கட்டணமோ முன்பதிவோ தேவையில்லை என்பது முதலில் வர வேண்டும். இல்லையேல் போன் இல்லாத முதியவர் தமக்கு வழியில்லை என்று எண்ணிவிடுவார். போலித் தளங்களில் பணம் போகாமலிருக்க, இணைய முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா எனப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர் திருத்தணி. இன்றும் எல்லைக்கு அப்பாலிருந்து பக்தர்கள் வருவதால் அறிவிப்புகள் தெலுங்கிலும் இருப்பது அவசியம். நட்சத்திரம் தெரியாதவர்கள் ‘சாமி பேருக்கு’ அர்ச்சனை செய்துகொள்ளும் வழக்கத்துக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும்.