மயிரிழையில் தப்பிய கன்று

‘மயிரிழையில் தப்பினான்’ என்று சொல்லும்போது நாம் தப்பியவனைப் பற்றியே பேசுகிறோம். அவன் செய்த நல்வினை, பெற்றோர் புண்ணியம், குலதெய்வத்தின் காவல் என்று பேச்சு வளரும். அவனை அந்த மயிரிழை வரையிலும் கொண்டுபோய் நிறுத்தியவன் ஒருவன் இருந்தானே, அவனைப் பற்றி அத்தொடரில் ஒரு சொல்லும் இல்லை. அவன் இதற்குள் அடுத்த தெருவைக் கடந்திருப்பான். விடுபட்டுப்போன அந்த மனிதனைப் பற்றிச் சற்றே சிந்திக்க விழைகின்றோம்.

கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டாஞ்சேரியின் சந்திகளை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கப்பலண்டிமுக்கு என்னும் பெயரை முதன்முறை கேட்கும் தமிழர் திகைப்பார். மலையாளத்தில் நிலக்கடலைக்குக் கப்பலண்டி என்று பெயர் எனத் தெரிந்தபின், ‘முக்கு’ நம் நெல்லைச் சீமை முக்கேதான் என்று கண்டு மகிழ்வார். பாண்டிக்குடி என்ற பெயர் காதில் விழுந்தால் எந்தத் தமிழ்ச் செவியும் ஒரு கணம் நின்றுதான் கேட்கும்! பெயரால் நம்மை வரவேற்கும் இச்சந்திகள், மிதிவண்டியில் வருபவரை அத்துணைக் கனிவோடு வரவேற்பதில்லை.

காரணம் எளிது. இங்குள்ள பழைய தெருக்கள் மோட்டார் வண்டிகளுக்காக அமைந்தவை அல்ல. போர்த்துகீசியர் கட்டி டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் வழிபாட்டு மனையும் எந்தக் காலத்தவையோ, அந்தக் காலத்து நடைக்கும் சுமைக்கும் ஏற்ப வளர்ந்த தெருக்கள் அவை. பஜார் சாலையில் பண்டகசாலைகளின் சுவர்கள் சாலையின் விளிம்பிலேயே எழுந்து நிற்கின்றன. மிளகும் சுக்கும் அரிசியும் ஏற்றிய லாரி ஒன்று ஓரமாக நின்றுவிட்டால், முனையின் மறுபுறத்தில் வருவது யாதென்று எவருக்கும் தெரியாது. அந்த முனையில் மிதிவண்டியோடு வருபவர் யார்? விடியலில் நாளிதழ் போடும் பையன். பள்ளிக்குச் செல்லும் சிறுமி. ஃபோர்ட் கொச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் நம் தமிழ் மக்களுள் ஒருவர், மடித்த துணிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அந்தச் சந்தியில் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் கடக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்லும் மிதிவண்டி அதே விநாடியில் நான்கு மீட்டர் போகிறது. மிதிவண்டியின் நீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே, தன் நீளத்தை அது கடக்க அரை விநாடி போதும். கார் அரை விநாடி முந்தி வந்திருந்தால் ஓர் உயிர் போயிற்று. பிந்தி வந்தமையால் ஒன்றும் நிகழவில்லை. காரோட்டி பக்கம் பார்க்கவில்லை, வேகம் தணிக்கவில்லை. இவ்விரண்டு குறைகளும் இரு நிலையிலும் ஒன்றே. நடுவே கிடந்த அரை விநாடியை அவன் உழைத்துச் சம்பாதிக்கவில்லை, ஈவாகவும் பெறவில்லை. அது தானே வந்து விழுந்தது.

பார்த்தும் காணாத நிலை ஒன்றும் உண்டு. முன்கண்ணாடியின் இருபுறத்துத் தூண்களுள் ஒன்று, சந்தியை நெருங்கும் மிதிவண்டியை முற்றிலும் மறைத்துவிடக்கூடும். இரு வண்டிகளும் சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், அம்மறைவு கடைசி நொடிவரை நீடிப்பதும் உண்டு. அன்றியும், பெரிய வண்டி வருகிறதா என்று தேடும் கண், மெலிந்த வண்டியின் மீது பட்டும் அதைப் பதிவு செய்யாமல் நழுவிவிடும். ‘நான் பார்த்தேனே, அங்கே யாரும் இல்லையே’ என்று அவன் சொல்வது பொய்யன்று. எனினும் அது விடையும் ஆகாது. கண்ணுக்கு இத்தகைய குறை உண்டு என்பதனால்தானே சந்தியில் வேகம் தணிக்க வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது!

சட்டம் இவ்வகையில் நாம் எண்ணுவதைவிட நுட்பமானது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 279-ஆம் பிரிவில், பிறர் உயிருக்கு ஊறு நேரக்கூடிய வகையில் பொதுச்சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதையே குற்றம் என்றது. எவருக்கும் அடிபட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தண்டனை ஆறு திங்கள் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே கவனக்குறைவால் உயிர் போய்விட்டால், 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. ஆறு திங்களுக்கும் ஐந்தாண்டுக்கும் இடையே நிற்பது அந்த அரை விநாடிதான். தப்பிப் பிழைத்தவர் எவர் காவல் நிலையத்தின் படியேறி, ‘எனக்கு ஒன்றும் நேரவில்லை, அதைப் பற்றி முறையிட வந்தேன்’ என்று சொல்லப்போகிறார்?

இங்கே திருவாரூர் நினைவுக்கு வருகிறது. மனுநீதிச் சோழன் கதையைச் சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் போற்றுகின்றன. தியாகேசர் கோயிலை ஒட்டிக் கல்லில் செதுக்கிய தேர் அதை இன்றும் காட்டி நிற்கிறது. அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்கிறான். கன்றொன்று எவரும் அறியாமல் இடையே புகுந்து சக்கரத்தில் விழுந்து மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. தன் மகன் மேலேயே தேரைச் செலுத்துகிறான் மன்னன். அம்மன்னனின் நீதியைப் பலரும் போற்றியிருக்கிறார்கள். அது மிகை என்று குறைகூறியவர்களும் உண்டு. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. அக்கன்று ஓரடி துள்ளி ஒதுங்கியிருந்தால்? இளவரசன் அதைக் கண்டிருக்கவே மாட்டான். பசு கன்றை நக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கும். மணி ஒலித்திராது. தேரோட்டம் மட்டும் அதே தேரோட்டமாக இருந்திருக்கும். நீதிக்குப் பேர்போன அந்த மணிகூடச் சாவுக்கே நா அசைத்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

மேனாட்டு மெய்யியலாரும் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றனர். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் அறத்தில் ஊழின் பங்கு யாது என்ற வினாவை எழுப்பினர். தன்பால் பிழையின்றியே ஒரு குழந்தைமேல் லாரியை ஏற்றிவிட்டவன், பக்கத்தில் நின்று பார்த்தவனைப் போல வருந்தமாட்டான். அவன் துயரம் வேறு வகையினது என்றார் வில்லியம்ஸ். கவனமின்றி ஓட்டிய ஒருவன் எவ்வளவு பெரிய குற்றவாளி என்பதை, அந்நேரம் சாலையில் குழந்தை வந்ததா இல்லையா என்பதே முடிவு செய்துவிடுகிறதே, இது தகுமா என்று வினவினார் நேகல். இருவரும் முடிச்சை அவிழ்த்துவிட்டதாக நாம் கருதவில்லை. ஊழைப் பற்றி ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு இவ்வினா புதிதும் அன்று.

நம் கருத்தைச் சொல்வதானால், தப்பவிட்டவனும் கொன்றவனும் செய்த பிழை ஒன்றே. பட்ட கடன் வேறு. கொன்றவன் ஒரு குடும்பத்தின் கண்ணீருக்குக் கடன்பட்டவன். அக்கடன் ஆயுள் முழுதும் தீராது; அதைத் தப்பவிட்டவன்மேல் ஏற்றுவது முறையாகாது. அப்படி ஏற்றினால் உலகில் எவரும் வண்டியைத் தொட முடியாது. ஆனால் கடன் இல்லை என்பதனால் பிழையும் இல்லை என்று கணக்கை மூடிவிடுகிறோமே, அதுதான் பொருந்தாது. வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், ஆள்பவனுக்குரிய கடமைகளின் நடுவே வைத்தார். தனக்கு எல்லாம் நன்றாயிருக்கிறது என்ற மகிழ்ச்சியில் பிறக்கும் மறதியே பொச்சாப்பு. ஒன்றும் நேராத ஒவ்வொரு முறையும் அந்த மகிழ்ச்சி காரோட்டியிடம் ஒரு படி ஏறுகிறது. நூறு முறை தப்பியது நூற்றோராம் முறைக்குச் சான்றிதழ் ஆகிவிடுகிறது.

ஆகாயத்தில் இப்படி விட்டுவிடுவதில்லை. 1976-இல் அமெரிக்காவில் நாசா நிறுவனத்தின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று: விமானிகள் தாம் பிழைத்த கதைகளை அஞ்சாமல் எழுதி அனுப்பலாம், யாரும் சாகாமலே பாடம் கற்கலாம். சாலையிலும் ஒரு நாடு விழித்துக்கொண்டது. 1663 முதல் 1795 வரை கொச்சியில் கோலோச்சிய டச்சுக்காரரின் தாய்நாட்டில், 1971-இல் மட்டும் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் 400-க்கும் மேல். பெற்றோர் தெருவில் இறங்கினர். அவர்களது இயக்கத்தின் பெயர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது. காரோட்டிகளுள் எவனும் கொல்ல எண்ணியவன் அல்லன். ஆயினும் அவர்கள் ‘விபத்து’ என்ற சொல்லை ஏற்கவில்லை. இன்று அந்நாட்டில் காரும் மிதிவண்டியும் மோதினால், தன்னால் தவிர்க்கவே இயலாதது என்று காரோட்டி மெய்ப்பிக்காத வரையில் இழப்பீடு அவன் பொறுப்பு. எளியவன் பிழை செய்வான், வலியவன் அதற்கும் சேர்த்துக் கவனமாயிருக்க வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இனி, நம்மவரைப் பற்றி ஒரு சொல். பிற மாநிலத்தில் பிழைக்க வந்தவர் சந்தியில் இடியுண்ணும் நிலைக்கு வந்தாலும் வாய் திறப்பதில்லை. மொழி தடுமாறும், கூட்டம் கூடினால் ‘அண்ணாச்சி எந்த ஊர்’ என்ற கேள்வி முதலில் வரும். காலை ஊன்றி, மூட்டையைச் சரிசெய்துகொண்டு, ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் ‘பரவாயில்லை’ மன்னிப்பு அன்று; ஊருக்குப் புதியவர் செலுத்தும் ஒருவகை வரி. மிதிவண்டியில் வந்த அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கார் வாங்கிவிட்டார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமையே. தாத்தா செலுத்திய வரியைப் பேரன் வேறொரு புதியவரிடம், வங்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு தொழிலாளியிடம், வசூலிக்கிறானா என்பதை வீட்டில் எவரும் கேட்பதில்லை. ‘வண்டியில் கீறல் இல்லாமல் வந்தாயா’ என்ற கேள்வியோடு இரவுணவுக்கு அமர்ந்துவிடுகிறோம்.

கேரளத்தில் கார் ஓட்டும் உரிமம் பெற நெடுங்காலமாக ஒரு தேர்வு உண்டு. நட்ட கம்பிகளுக்கு இடையே ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பியைத் தட்டினால் தோல்வி. ஓரங்குல இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போனாலும் வெற்றி. கம்பிக்கு நெஞ்சு படபடப்பதில்லை; இரவில் உறக்கம் கெடுவதில்லை; மறுநாள் அதே முனைக்கு வரக் கால் கூசுவதுமில்லை. சந்தியில் ஓரங்குலத்தில் தப்பிய சிறுமிக்கு இம்மூன்றும் உண்டு. அவளிடம் வண்டியை நிறுத்தி இறங்கி, ‘பயந்துவிட்டாயா, அம்மா’ என்று கேட்கும் கடன் அந்தக் காரோட்டிக்கு இருக்கிறது. அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவையில்லை. பின்னால் நிற்கும் வண்டிகள் சற்று நேரம் ஒலியெழுப்பிக்கொண்டிருக்கும், அவ்வளவே.